எந்தப் பக்கம்? பினாங்குத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களின் வேரும் கோயில் பதிவேடுகளும்

பினாங்கில் மூன்று நான்கு தலைமுறையாக வாழும் ஒரு தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்திடம் "உங்கள் பூட்டனுக்கு எந்த ஊர்?" என்று கேட்டால், ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்த பதில்தான் வரும். "காரைக்கால் பக்கம்." "நாகப்பட்டணம் பக்கம்." "புதுச்சேரிப் பக்கம் ஏதோ ஒரு கிராமம்." அந்தப் 'பக்கம்' என்ற சொல்லுக்குள் ஐம்பது ஊர்கள் அடங்கிவிடும். கப்பல் ஏறியவருக்கு அது சொந்த ஊர். அவர் பிள்ளைக்குக் கதை. பேரனுக்கு வெறும் திசை.

இந்தத் திசையை மறுபடியும் ஓர் ஊராக்க முடியுமா? முடியுமென்றால் எந்த ஏட்டைப் புரட்ட வேண்டும், அதை எப்படிப் படிக்க வேண்டும், எந்த இடத்தில் அது வாயடைத்துப் போகும்? இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்விகள் இவை.

மலாயாத் தமிழர் குடியேற்றத்தைப் பற்றி நல்ல நூல்கள் இருக்கின்றன. கே. எஸ். சந்து 1969இலும் எஸ். அரசரத்தினம் 1970இலும் வெளியிட்ட ஆய்வுகள் இன்றும் அடித்தளம். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த பினாங்குச் சூலியாக்களைப் பற்றிக் கூ சல்மா நசுத்தியோன் 2014இல் எழுதிய நூலும், வங்காள விரிகுடாவைக் கடந்தவர்களைப் பற்றிச் சுனில் அம்ரித் 2013இல் எழுதிய நூலும் அந்தப் படத்துக்கு வண்ணம் சேர்த்தன. ஆனால் இவை அலைகளைக் காட்டும் நூல்கள். அலைக்குள் இருந்த தனிமனிதரை அவற்றில் தேடினால் கிடைக்கமாட்டார். அரசின் ஏடுகளிலும் பெரும்பாலும் அதே கதைதான்: தோட்டத்துச் செக்ரோலில் (ஆள்வரவு ஏட்டில்) ஒரு கூலிக்காரருக்கு எண்ணும் பெயரும் பேர் போட்ட நாளும் இருக்கும், தாயின் பெயருக்கு அங்கே இடமில்லை. சாதாரண மனிதர் ஒருவரின் தகப்பன், தாய், துணை, பிள்ளை, கூட நின்ற உறவு எல்லாரையும் ஒரே வரியில் எழுதிவைத்த ஏடு பினாங்கில் ஒன்று உண்டென்றால் அது கோயிலின் ஏடு.

அலைகளும் காகிதங்களும்

1786 ஆகஸ்ட் 11 அன்று பிரான்சிஸ் லைட் பினாங்கில் பிரிட்டிஷ் கொடியை ஏற்றினார். சோழமண்டலக் கரைக்கும் கெடாவுக்கும் அதற்கு முன்பே வணிகப் போக்குவரத்து இருந்தது. 1794இல் லைட் எழுதிய குறிப்பில், சூலியாக்கள் சுமார் 1,000 பேர் ஊரில் தங்கியிருப்பதாகவும், ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் கப்பலில் வந்து சம்பாதித்துத் திரும்புவதாகவும் சொல்கிறார். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழ் முஸ்லிம்கள். அதே கரையிலிருந்து, அதே போக்குவரத்தில்தான் தமிழ்க் கிறிஸ்தவர்களும் வந்து சேர்ந்தார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எதிர்க்கரையான வெல்லஸ்லி மாகாணத்துக் கரும்புத் தோட்டங்களுக்குச் சஞ்சிக் கூலிகள், அதாவது ஒப்பந்தக் கூலிகள், வந்தார்கள். சஞ்சி முறை 1910இல் ஒழிந்தது. மேஸ்திரி ஆள் திரட்டிவரும் கங்காணி முறை தொடர்ந்தது. 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடுத்து நிறுத்தியது. இவற்றோடு ரயில்வேக்கும் அலுவலகங்களுக்கும் யாழ்ப்பாணத்துக் கிராணிமார் (எழுத்தர்கள்) வந்த ஓர் அலையும் உண்டு.

வேர் தேடுபவருக்கு இந்த அலைகள் வெறும் பின்னணித் தகவல் அல்ல. எந்த அலையில் வந்தார் என்பதைப் பொறுத்தே எந்தக் காகிதம் கிடைக்கும் என்பது அமையும். குடும்பக் கதையில் வரும் கப்பல் பெயரைக்கூட உரசிப் பார்க்கலாம். 'ரஜூலா' 1926இல் கட்டப்பட்ட கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழியில் 1970களின் தொடக்கம் வரை ஓடியது. தாத்தா 1910இல் ரஜூலாவில் வந்தார் என்று ஒரு வீட்டில் சொன்னால், ஆண்டு தவறு அல்லது கப்பல் தவறு. சில சமயம் அது தாத்தா ஊருக்குப் போய்ப் பெண் கட்டிக்கொண்டு திரும்பிய இரண்டாம் பயணமாக இருக்கும். அப்படியானால் கல்யாணப் பதிவை ஊரில்தான் தேட வேண்டும்.

எந்தக் கோயில்?

ஜார்ஜ் டவுனின் கத்தோலிக்கக் கோயில்கள் அந்நாளில் மொழிவாரியாகப் பிரிந்திருந்தன. இது தெரியாமல் தேடப் போனால் ஆண்டுக்கணக்கில் தவறான ஏட்டைப் புரட்ட நேரும்.

லைட் வந்த அதே ஆகஸ்டில், கெடாவிலிருந்து யூரேசியக் கத்தோலிக்கர்கள் ஆயர் கார்னோவின் தலைமையில் வந்து சேர்ந்தார்கள். மாதா விண்ணேற்பு விழாவை ஒட்டி வந்ததால் அவர்கள் கோயிலுக்கு அந்தப் பெயரே வாய்த்தது. பூக்கெட்டிலிருந்து வந்த யூரேசியர்கள் 1811இல் புலாவ் தீக்குசில் அமலோற்பவ மாதா கோயிலை அமைத்தார்கள். சீனர்களுக்கு மெக்காலிஸ்டர் சாலை வியாகுல மாதா கோயில். தமிழர்களுக்குப் பினாங்கு சாலையில் பின்னால் எழுந்த புனித சவேரியார் கோயில்; அதுவரை அவர்களுக்கும் விண்ணேற்பு மாதா கோயில்தான். ஆகவே, ஒரு தமிழ்க் குடும்பத்தின் முதல் தலைமுறையை விண்ணேற்பு மாதா கோயிலிலும் இரண்டாம் தலைமுறையைச் சவேரியார் கோயிலிலும் தேட வேண்டிவரலாம்.

தீவுக்கு வெளியேயும் கண் போக வேண்டும். ரெனே ஃபே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1880களில் பேராக்கின் பாகான் செராய் வட்டாரத்தில் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களை நிலம் கொடுத்துக் குடியேற்றினார். 1896இல் அவரே மலாக்கா ஆயரானார். பினாங்கு ஏட்டிலிருந்து திடீரென்று மறைந்துபோகும் ஒரு குடும்பம் அங்கே முளைத்திருக்கக்கூடும்.

புரோட்டஸ்டண்டுகளின் பாதை வேறு. 1818இல் கட்டி முடித்து 1819இல் அபிஷேகம் செய்யப்பட்ட புனித ஜார்ஜ் ஆலயம் ஆங்கிலிக்கன் ஏடுகளின் தாய்வீடு. 1867 வரை பினாங்கு இந்தியாவிலிருந்து ஆளப்பட்டதால், கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து ஆலயப் பதிவுகளின் பிரதிகள் லண்டனுக்குப் போயின. இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. வெள்ளைக்காரர் பெயர்கள் மலிந்த ஏடுகள்தான். இருந்தாலும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. மெத்தடிஸ்டுகள் 1891இல் பினாங்கில் பள்ளி தொடங்கினார்கள். மலாயா மெத்தடிஸ்டு சபைகளில் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் பள்ளிகளில் படித்தவர்கள் முன்வரிசையில் நின்றார்கள். தரங்கம்பாடி லுத்தரன்கள் கோலாலம்பூர்ப் பக்கம் வேரூன்றினார்கள்.

ஒரு வரியைப் பிரித்துப் படித்தால்

கத்தோலிக்க ஏடுகளின் அமைப்பு பழையது. 1563இல் திரெந்து சங்கம் ஞானஸ்நானத்துக்கும் திருமணத்துக்கும் பதிவேடு வைக்கச் சொன்னது. 1614இல் வெளியான உரோமைச் சடங்கு நூல் சாவுப் பதிவேட்டையும் 'ஆன்மாக்களின் நிலை' என்ற வீட்டுவாரிக் கணக்கையும் சேர்த்தது. எந்த நாட்டுக்குப் போனாலும் மொழி இலத்தீன், வாசகம் ஏறக்குறைய ஒன்று: கீழே கையொப்பமிட்ட நான், இன்ன நாளில், இன்ன நாளில் பிறந்த இன்னாரை, இன்னார் இன்னாரின் முறையான பிள்ளையை, ஞானஸ்நானம் கொடுத்தேன், ஞானத்தகப்பன் இன்னார், ஞானத்தாய் இன்னார்.

இதில் தமிழ் வாசகர் முதலில் இடறும் இடம் பெயர். வீட்டில் அருளப்பன் என்று கூப்பிடப்பட்டவர் ஏட்டில் ஜோவான்னெஸ். இராயப்பன் பெத்ருஸ். சின்னப்பன் பாவுலுஸ். முடியப்பன் ஸ்தேபானுஸ், கிரேக்கத்தில் அந்தப் பெயருக்கு முடி என்று பொருள், நம்மவர் அதை அப்படியே தமிழாக்கினார்கள். சந்தியாகு யாக்கோபுஸ். சூசை ஜோசபுஸ். ஆசீர்வாதம் பெனெதிக்துஸ். மாதிரிக்கு ஒருவரை வைத்துக்கொள்வோம்: இராயப்பன் மகன் அருளப்பன். ஞானஸ்நான ஏட்டில் அவர் ஜோவான்னெஸ், பெத்ருஸின் மகன். வேலைச் சீட்டில் அருளப்பன், அதுவும் எழுதிய கிராணியின் காதுக்கு எட்டியபடி. சாவுச் சான்றிதழில் ஜான் பீட்டர். மூவரும் ஒருவரே என்று தேடு கருவி எதுவும் கண்டுபிடிக்காது. தமிழ்க் கத்தோலிக்கப் பெயர் மரபு தெரிந்த ஒரு பாட்டி கண்டுபிடித்துவிடுவார்.

அடுத்த சிக்கல், நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் பெயரின் முதலெழுத்து தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டே போகும். மேலைநாட்டு வம்சாவளி முறைகள் ஒரே குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுகிறவை. நமக்கு அந்தக் கயிறு இல்லை. மலேசிய அடையாள அட்டையில் 'இன்னாரின் மகன்' என்று குறிக்க 'ஏ/எல்' என்று நடுவில் நிற்கும் எழுத்துகள் ஒரே ஒரு தலைமுறைதான் மேலே ஏற்றிவிடும். அதற்கு மேல் இருட்டு.

இங்கேதான் ஏட்டைப் படிக்கும் முறை மாற வேண்டும். மேல்நோக்கி ஏறமுடியாதபோது பக்கவாட்டில் நகரலாம். ஞானத்தகப்பன், ஞானத்தாய், கல்யாணச் சாட்சி என வரும் பெயர்களைத் தனித்தாளில் எழுதிக்கொண்டே வந்தால், பத்திருபது வரிகளுக்குள் சில பெயர்கள் திரும்பத் திரும்பத் தலைகாட்டும். ஞானத்தகப்பனாக நிற்க வழிப்போக்கனை யாரும் கூப்பிடுவதில்லை. தாய்மாமனாக இருப்பார், ஊர்க்காரராக இருப்பார், ஒரே கப்பலில் வந்தவராக இருப்பார். அவர்களில் ஒருவருடைய சாவுப் பதிவிலோ கல்யாணப் பதிவிலோ சொந்தப் பங்கின் பெயர் எழுதப்பட்டிருந்தால், நம்முடைய ஆளின் ஊருக்கும் ஒரு வாசல் திறக்கிறது. தனியாகக் கப்பலேறிய ஆளைத் தேடப் போய், ஒரு கூட்டத்தையே கண்டுபிடிப்போம்.

விலக்கும் ஓரக்குறிப்பும்

கல்யாண ஏட்டில் இரண்டு பொற்சுரங்கங்கள் உண்டு.

ஒன்று, உறவுமுறை விலக்கு. மாமன் மகளையும் அத்தை மகளையும் கட்டுவது நம் வழக்கம். கத்தோலிக்கச் சட்டத்துக்கு அது தடை. 1215இல் வகுத்த விதி நான்காம் படி வரையிலான இரத்த உறவுக்குள் திருமணத்தை மறுத்தது. 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு அதை மூன்றாம் படியாகக் குறைத்தது. ஆகவே முறைப்பெண்ணைக் கட்ட வேண்டுமென்றால் மேலிடத்தில் விலக்கு வாங்க வேண்டும். எந்தப் படியில் உறவு என்று எழுதிக் கேட்க வேண்டும். மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசித்து, விலக்கும் வாங்கி, பிறகு தாலி. அந்த விலக்குக் குறிப்பு ஒன்று கையில் கிடைத்தால், மணமகனின் தாயும் மணமகளின் தந்தையும் உடன்பிறந்தவர்களோ என்று ஊகிக்க முடியும். குடும்பப் பெயர் செய்யத் தவறிய வேலையை, நம் முறைமாப்பிள்ளை வழக்கத்துக்குத் திருச்சபை போட்ட தடை செய்து கொடுக்கிறது.

இன்னொன்று, ஓரக்குறிப்பு. 1907இல் வெளியாகி 1908 ஈஸ்டர் முதல் நடைமுறைக்கு வந்த 'நே தெமெரே' ஆணை, ஒருவருக்குத் திருமணம் செய்துவைக்கும் பாதிரியார் அச்செய்தியை அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு எழுதியனுப்ப வேண்டும் என்றும், அங்கே ஞானஸ்நான வரியின் ஓரத்தில் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்றும் விதித்தது. ஒருவன் இரண்டு ஊரில் இரண்டு கல்யாணம் செய்துகொள்வதைத் தடுக்க வந்த ஏற்பாடு அது. வேர் தேடுபவருக்கு அதன் பொருள் வேறு. காரைக்காலில் ஞானஸ்நானம் பெற்றுப் பினாங்கில் 1912இல் மணமுடித்தவரின் செய்தி, விதிப்படி நடந்திருந்தால், காரைக்கால் ஏட்டின் ஓரத்தில் சிறிய எழுத்தில் நிற்கும். இங்கே ஊர் பெயர் இல்லாவிட்டாலும் அங்கே பினாங்கின் பெயர் இருக்கும். அதனால்தான் தேடல் இரு கரையிலும் நடக்க வேண்டும் என்கிறேன்.

இந்த இரு கரைப் போக்குவரத்து எளிதாக நடந்ததற்கு நிறுவனக் காரணம் ஒன்றும் உண்டு. 1658இல் தொடங்கிய பாரிஸ் அன்னிய வேதபோதகச் சபைதான் 1776 முதல் புதுச்சேரி மிஷனையும் நடத்தியது, பினாங்கையும் நடத்தியது. சயாமின் அயுத்தியாவில் 1665இல் பிறந்த அதன் குருமடம் சில ஆண்டுகள் புதுச்சேரிக்கு அருகில் வீராம்பட்டினத்தில் இருந்தது. பிறகு 1808இல் பினாங்குக்கு வந்து பொதுக் குருமடமாக நிலைத்தது. இரண்டு கரையிலும் ஏடு எழுதியவர்கள் ஒரே சபையின் ஆட்கள். அச்சபை தன் பாதிரியார் ஒவ்வொருவருக்கும் வாழ்க்கைக் குறிப்பு வைத்திருக்கிறது. கையொப்பமிட்டவர் எந்த ஆண்டு எங்கே இருந்தார் என்று பார்த்தே, தேதி மங்கிய பதிவுக்குக் காலம் குறிக்கலாம்.

எதிர்க்கரையில்

புதுச்சேரி, காரைக்கால்காரர்களுக்கு இன்னொரு கொடுப்பினை உண்டு. பிரெஞ்சு ஆட்சியின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் தென்பிரான்சில் எக்ஸ் நகரத்துக் கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பெரும்பகுதியை இணையத்திலேயே புரட்டலாம். 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி தமக்குரிய சாதி, மதச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குள் வந்தவர்கள் குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டார்கள். பினாங்கில் ஒரு தமிழ்க் குடும்பம் பிரெஞ்சுச் சாயலில் ஒரு பெயரை மூன்று தலைமுறையாகச் சுமந்து வந்தால், அந்த ஆணையை நினைத்துக்கொள்வது நல்லது. எழுத்துக்கூட்டலிலும் கவனம் வேண்டும்: 'முத்து' என்பதை ஆங்கிலக் கிராணி ஐந்து எழுத்தில் முடிப்பான், பிரெஞ்சு எழுத்தருக்கு ஏழு எழுத்து வேண்டும்.

யாழ்ப்பாண வழியினருக்கு ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகள் உண்டு. காணித் தோம்பு நிலத்தைச் சொன்னது. பள்ளித் தோம்பு ஞானஸ்நானத்தையும் கல்யாணத்தையும் சொன்னது. கிறிஸ்தவரல்லாத தமிழரிடமும் இப்படிப்பட்ட ஏடு இல்லாமலில்லை. நகரத்தார் தம் ஒன்பது கோயில்களில் ஒவ்வொரு தம்பதியையும் ஒரு புள்ளியாக எழுதிவைக்கிறார்கள். பினாங்கில் கடை வைத்தவரும் ஊர்க்கோயிலில் புள்ளிதான். கோயிலோடு கல்யாணத்தைக் கட்டிவைக்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. நகரத்தாருக்கு அது செல்வத்தோடு வந்தது. கூலிக்காரக் கத்தோலிக்கருக்கு அதே வசதியைப் பங்குச்சாமியாரின் ஏடு தந்தது.

ஏடு பேசாத இடங்கள்

ஏட்டைப் பாடிப் புகழ்ந்துவிட்டு நிறுத்திவிட முடியாது. அது மறைத்ததும் உண்டு, தவறவிட்டதும் உண்டு.

முதலாவது சாதி. தமிழ்நாட்டு ஏடுகளில் பல இடங்களில் சாதி வெளிப்படையாக நிற்கிறது. கடல் கடந்த பிறகு அதைப் பேசுவது குறைந்தது. ஆனால் யார் யாருக்குப் பெண் கொடுத்தார்கள் என்பதைக் கோத்துப் பார்த்தால் அது ஒளிந்திருந்த இடம் தெரிந்துவிடும். வேர் தேடுகிறவர் விரும்பாத ஒன்றையும் தோண்டி எடுக்க நேரலாம். அதற்கு மனம் ஒப்பாதவர் இந்த வேலையில் இறங்காமலிருப்பதே மேல்.

இரண்டாவது பெண்கள். தாயின் பெயர் இருக்கும், தாயின் தகப்பன் பெயர் பெரும்பாலும் இராது. 'அம்மா பக்கம்' என்று நாம் சொல்வது ஏட்டில் சீக்கிரமே அறுந்துபோகிறது. அதை ஒட்ட மேலே சொன்ன விலக்குக் குறிப்பும் ஞானத்தாயின் பெயரும்தான் துணை.

மூன்றாவது போர். 1941 டிசம்பர் 11 அன்று ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன் மீது குண்டு பொழிந்தன. பின்னர் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில்பாதைக்குத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் திரும்பாதவர் எத்தனையோ பேர். அவர்களுக்குச் சாவுப் பதிவு இல்லை, கல்லறை இல்லை. பல குடும்ப மரங்களில் 1942, 43 ஆண்டுகளில் ஒரு கிளை காரணம் சொல்லாமல் நிற்கிறது. ஞானஸ்நானம் இருக்கிறது, கல்யாணம் இருக்கிறது, சாவு இல்லை. அந்த வெற்றுக் கட்டத்தையும் ஒரு பதிவாகவே படிக்க வேண்டும்.

முன்னோடி யார்?

ஏழைக்குத்தான் இந்தக் குழப்பம் என்று நினைக்க வேண்டாம். பினாங்கின் முதல் குடும்பத்தையே பாருங்கள். பிரான்சிஸ் லைட் 1794இல் எழுதிய உயிலில், 1772 முதல் தன்னோடு வாழ்ந்தவர் மார்ட்டினா ரோசெல்ஸ் என்று குறிப்பிடுகிறார். அவர் போர்த்துகீசிய சயாமிய வழியினரா, மலாய்க்காரியா, கெடா அரச குலத்தவரா என்ற விவாதம் இன்றும் தீரவில்லை. இவர்கள் மகன் வில்லியம் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரை வகுத்தவர். கார்ன்வாலிஸ் கோட்டையில் நிற்கும் லைட்டின் சிலைக்கு அவருடைய உருவப்படம் கிடைக்காததால், மகன் வில்லியமின் முகத்தை வைத்துச் செய்தார்கள் என்று சொல்வார்கள். ஊரையே தொடங்கியவருக்கு முகம் பிள்ளையிடமிருந்து கடன். அவர் துணைவிக்குப் பூர்வீகம் ஊகம்.

ஆகவே 'முன்னோடிக் குடும்பம்' என்ற சொல்லைக் கொஞ்சம் சந்தேகத்தோடு கையாள்வது நல்லது. முதலில் வந்தவர் யார் என்று ஏட்டால் சொல்ல முடியாது. முதலில் எழுதப்பட்டவர் யார் என்று மட்டும்தான் சொல்லும். அவர் பக்கத்தில் சாட்சியாக நின்றவர் அதற்குப் பத்தாண்டு முன்பே வந்திருக்கலாம்.

இனி செய்யக்கூடியது

தேட ஆசைப்படுபவர் வீட்டிலிருந்து தொடங்கட்டும். 1948இல் மலாயா அவசர காலத்தில் தொடங்கிய அடையாள அட்டை, பழைய பாஸ்போர்ட், கோயில் சான்றிதழ், கல்லறை எழுத்து எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டுப் பெரியவரிடம் ஊரின் பெயரைக் கேட்பதோடு நிறுத்தாமல் அந்த ஊர்க் கோயில் யார் பெயரில், திருவிழா எந்த மாதம் என்றும் கேட்கலாம். ஊர் மறந்துபோன பாட்டிக்குத் தேர் எந்த மாதம் ஓடும் என்பது நினைவிருக்கும். செபஸ்தியார் என்றால் சனவரி, அந்தோணியார் என்றால் சூன். 'காரைக்கால் பக்கத்து' ஐம்பது ஊர்களில் நாற்பதை அந்த ஒரு பதில் கழித்துவிடும். அதன் பிறகு பங்கு அலுவலகம். அண்மைக் கால ஏடுகளை யார் வேண்டுமானாலும் புரட்ட விடமாட்டார்கள், விடவும் கூடாது. உறவைக் காட்டி, அனுமதி கேட்டு, பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்.

பங்குகள் செய்ய வேண்டியதும் உண்டு. ஈரமும் வெயிலும் மாறி மாறி அடிக்கும் இந்தத் தீவில் காகிதம் நெடுநாள் நிற்காது. இரும்பு மையும் கரையான்களும் தம் வேலையைச் செய்துகொண்டிருக்கும். படமெடுத்தால் மட்டும் போதாது. ஜோவான்னெஸையும் அருளப்பனையும் ஒரே ஆளாகக் கோக்கும் தமிழ்ப் பெயர் அட்டவணை வேண்டும். அதைச் செய்யக்கூடிய தலைமுறை வயதாகிக்கொண்டு வருகிறது.

கடைசியில் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்கே திரும்புகிறது. 'காரைக்கால் பக்கம்' என்று தாத்தா சொன்னது அலட்சியத்தால் அல்ல. கேட்டவருக்கு அதற்குமேல் புரியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கிராமத்தின் பெயரையோ பிள்ளைகளிடம் சொல்லாமல், அவர் சவேரியார் கோயில் மேசையில் ஒருநாள் சாமியாரிடம் சொல்லியிருக்கக்கூடும், ஞானத்தகப்பனாக நின்ற தோழன் பக்கத்தில் இருக்க. அவர் சொன்ன 'பக்கம்' ஒரு திசை. நாம் தேட வேண்டிய பக்கம், அந்த ஏட்டில் எண் போட்ட ஒரு தாள்.